யூட் வேண்டாம், அந்தச் சின்னக் காரையே எடு

அன்புள்ள மகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து நீ அனுப்பிய இரண்டு வண்டிகளின் படங்களைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. அப்பா அந்த வெள்ளை யூட் பக்கம், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தளம் உள்ள அந்த பிக்கப் பக்கம். நான் சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அப்பா நடுவில் புகுந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் எழுத்தில். நீளமாகத்தான் இருக்கும். இரவு வேலை முடிந்த கையோடு படிக்காதே; தூங்கி எழுந்து, தேநீர் கலந்துகொண்டு நிதானமாகப் படி.

தினமும் வேலைக்குப் போய்வர இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் சரிப்படுமா, இல்லை எல்லாரையும் போல ஒரு யூட் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். "மருத்துவமனை நிறுத்துமிடத்தில் பாதிக்குப் பாதி யூட்தான் அம்மா" என்றும் எழுதியிருந்தாய். ஊரோடு ஒத்து வாழ் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அது பழக்கவழக்கத்துக்குச் சொன்னது. ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக்குச் சொன்னதில்லை.

அப்பாவுக்கு என் மேல்தான் கோபம். "வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவள், லாரியை வேண்டாம் என்கிறாளே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டியவள் என்பதால்தானே சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்பு நம் சமையல் தொழில் சூடுபிடித்த நாளில், அடுப்படியை அப்பா பார்த்துக்கொள்ள, லாரியை நான் எடுத்துக்கொண்டேன். பத்தடி லாரி. கார் ஓட்டும் மூன்றாம் வகுப்பு உரிமமே அதற்குப் போதும்; காலி வண்டியின் எடை 2,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றுவேன். பிறகு தேக்கா சந்தையில் வாழையிலைக் கட்டு. பகலில் ஏதாவது ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ சாம்பாரும் பாயசமும் போகும். ஜி எழுத்தில் தொடங்கும் எண் பலகை, பின்பக்கம் 70 என்று வேக வரம்பைக் காட்டும் ஒரு வட்டம். தீவு விரைவுச்சாலையில் கார்களெல்லாம் 90இல் பறக்கும். நான் இடது ஓரமாக என் 70ஐப் பிடித்துக்கொண்டு போவேன்.

பாரத்தோடு போகும்போது அந்த லாரியைக் குறை சொல்ல முடியாது. நிறைந்த அண்டாவின் மூடிகூட அசையாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். ஒரு டன்னைத் தாங்குவதற்கென்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள். மேலே ஒன்றும் இல்லையென்றால் அவை வளைந்து கொடுப்பதில்லை. சாலையில் ஒரு சின்ன ஒட்டு வந்தாலும் பின்பகுதி துள்ளும். தளத்தில் கிடக்கும் கரண்டி எகிறிப் பக்கப் பலகையில் மோதும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. மழை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம், அதன் மேலோ எடையே இல்லை. விளக்கு பச்சையானதும் கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னால் இருக்கும் டாக்சிக்காரர் ஹார்ன் அடிப்பார்.

நீ படத்தில் அனுப்பிய பளபளப்பான யூட்டும் அடியில் அதே லாரிதான். கீழே தனிச் சட்டகம், அதன் மேல் உட்கார்த்திய கேபின், பின்னால் ஸ்பிரிங் பட்டை. ரேஞ்சர், ஹைலக்ஸ் என்று அங்கே ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை இன்றைக்கும் இப்படித்தான். முன்பைவிட மிகவும் பதமாகச் செய்கிறார்கள், வழுக்கினால் மின்னணுக் கட்டுப்பாடு பிடித்துக்கொள்ளும், எல்லாம் உண்மை. இருந்தாலும், ஒரு டன் ஏற்றுவதற்காகக் கட்டிய வண்டியில் ஒரு கைப்பையை மட்டும் ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு பேருக்கு ரசம் வைக்க யாரும் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவதில்லை.

யூட் எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியுமா? அந்த நாட்டுக்காரர்களே விரும்பிச் சொல்லும் கதை. 1930களின் தொடக்கத்தில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும், இரண்டு வண்டி வாங்க வசதியில்லை என்று. ஜீலாங்கில் இருந்த லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், காரின் முன்பாதியையும் சரக்குத் தளத்தையும் ஒரே உடலாக இணைத்தார். 1934இல் முதல் யூட் வெளியே வந்தது. ஒரு பெண் எழுதிய கடிதத்தால் ஒரு வண்டி வகையே பிறந்தது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த அம்மாளிடம் பன்றி இருந்தது. உன்னிடம் பன்றி எங்கே?

நீ ஏற்றுவது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். கைப்பை, சாப்பாட்டு டப்பா, மாற்றுச் செருப்பு. வாரத்துக்கு ஒரு தடவை காய்கறி, எப்போதாவது ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டை. "மேசை, கட்டில் வாங்கினால் என்ன செய்வாள்?" என்கிறார் அப்பா. கடைக்காரர்களே கொண்டுவந்து இறக்குவார்கள். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் ஒரு யூட்டை வாடகைக்கு எடு. "காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போனால்?" என்கிறார். ஒரு கொசு கடித்தால் புளோக்கையே எழுப்புகிறவள் நீ, உன்னைப் பற்றித்தான் பேசுகிறார். அங்கே மாண்டோகாலப்பில் இருக்கும் பாலமுருகன் கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் தூக்க வேண்டுமே என்று கடைசி அம்பையும் விட்டுப் பார்த்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் யாரிடமும் ஒரு யூட் இல்லாமலா போய்விடும்?

இதில் அனுபவப்பட்டவள் சொல்வது ஒன்று உண்டு. சரக்குத் தளம் உள்ள வண்டி வாங்கினால் உன் சனிக்கிழமை உனக்குச் சொந்தமில்லை. நம்மிடம் லாரி இருந்த காலத்தில் சொந்தக்காரர் எவர் வீடு மாறினாலும் முதல் அழைப்பு நமக்குத்தான். குளிர்பதனப் பெட்டி, பீரோ, ஒரு தடவை மீன் தொட்டி, தண்ணீரோடு. "பெட்ரோல் காசு கொடுத்துவிடுகிறேன் அக்கா" என்பார்கள். லாரி ஓடுவது டீசலில் என்றுகூடத் தெரியாதவர்கள்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு யூட்டா, காரா என்று பேசுவதே வேடிக்கைதான். இங்கே மனதுக்குப் பிடித்ததை வாங்குகிறவர்கள் குறைவு. ஏலம் எதை விட்டுவைக்கிறதோ அதை வாங்குகிறோம். 1990இல், ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது. அது பத்து ஆண்டுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமை மட்டும், வண்டிக்கு விலை தனி. 2023 அக்டோபரில் பெரிய கார்களின் பிரிவில் அந்தச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளி என்னத்துக்கு என்று அப்பா நெடுநாள் புலம்பிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டு முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நன்றாக ஓடும் வண்டியையும் உடைக்கவோ வெளிநாட்டுக்கு ஏற்றவோ கொடுத்துவிட வேண்டும். ஆகவே இங்கே இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறவர் வசதிக்காரர், பிக்கப்பில் வருகிறவர் ஒப்பந்தக்காரர். நீ பார்த்த மாஸ்டா 2015ஆம் ஆண்டு வண்டி. இங்கே பிறந்திருந்தால் அதன் பத்தாண்டுக் கணக்கு தீர்ந்திருக்கும். அங்கே அது ஒரு தாதியின் சம்பளத்துக்கு எட்டும் விலையில், இன்னும் பாதி ஆயுளை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வாய்ப்பை விட்டுவிட்டு எல்லாரும் ஓட்டுவதையே நீயும் ஓட்டுவேன் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

எஞ்சின் விஷயம். யூட் டீசல். உன் வீட்டிலிருந்து மர்டாக் பக்கம் வேலைக்குப் போக எவ்வளவு நேரம்? எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறாய். இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுந்தூரம் ஒரே சீராக ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அது தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் குட்டித் தூரம் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், பட்டறைக்காரர் முகம் மலரும். பாரமும் தூரமும் இருந்தால் டீசலைப் போல எஞ்சின் இல்லை. உன்னிடம் இரண்டும் இல்லை. மாஸ்டாவுக்குக் கொஞ்சம் விலை கூடிய பெட்ரோல் ஊற்ற வேண்டும், அது ஒன்றுதான் குறை. ஒரு டன்னை ஒட்டிய எடைதானே, அதிகம் குடிக்காது.

நிறுத்துவதையும் பார். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பின் நிறுத்துமிடக் கட்டம் 4.8 மீட்டர் நீளம். ரேஞ்சர் கிட்டத்தட்ட 5.4 மீட்டர், இங்கே கொண்டுவந்தால் அதன் மூக்கு வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மாஸ்டா நான்கு மீட்டர்கூட இல்லை. பெர்த்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பாய். சரி. ஆனாலும் இரவு வேலைக்கு மாறும் நேரத்தில் மருத்துவமனை நிறுத்துமிடம் நிரம்பி வழிகிறது என்று மாதாமாதம் என்னிடம் புலம்புகிறவள் யார்?

இனி அப்பாவின் பெரிய கவலைக்கு வருகிறேன். "மோதினால் பெரிய வண்டிக்காரன்தான் பிழைப்பான்." இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. அதனால் இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வது பொய்யும் இல்லை. இரண்டு டன்னும் ஒரு டன்னும் நேருக்கு நேர் மோதினால் அடி ஒரு டன்னுக்குத்தான். அதை எந்தப் பாதுகாப்பு நட்சத்திரமும் மாற்றாது. இந்த மாஸ்டா ஆஸ்திரேலிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், "ஹோட்டலுக்குக்கூட ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள்" என்றார்.

ஆனால் எடை ஒன்றே கணக்கு இல்லை. தாழ்ந்து, எடை குறைந்து இருக்கும் வண்டி சொன்ன சொல் கேட்கும். திடீரென்று விலக வேண்டுமென்றால் விலகும். உயரமான வண்டி முதலில் சாயும், பிறகுதான் திரும்பும். இன்னொன்று, அடி வாங்குகிறவர் எப்போதும் இன்னொரு வண்டிக்குள் இருப்பவர் இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்மூடி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள காரைவிட உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்றது. நம் லாரிக்கு மூக்கே கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு பிள்ளை ஓடினால் தலை தெரியும். யூட்டுக்கு நீண்டு உயர்ந்த மூக்கு. அதன் பின்னால் உட்கார்ந்தால் அடுத்த தெரு தெரியும், கால்மாட்டில் இருப்பது தெரியாது. உயரமாக உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

சின்னக் காரில் உனக்கு வரும் ஆபத்து வேறு வகை. உன் தலை பக்கத்து யூட்டின் கதவுப்பிடி உயரத்தில் இருக்கும். அவர்கள் கண்ணாடியில் நீ இல்லாமல் போய்விடுவாய். குவினானா விரைவுச்சாலையில் பெரிய வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகாதே. ஒன்று பின்னால் நில், அல்லது தாண்டிப் போய்விடு. பகலிலும் முன்விளக்கைப் போட்டுக்கொள். நிறுத்தும்போது பின்பக்கமாக உள்ளே போய் நிறுத்து, இரண்டு யூட்டுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தால் ஒன்றும் தெரியாது. இரவில் பின்னால் வருகிறவர்களின் விளக்கு நேராக உன் கண்ணாடியில் அடிக்கும், உள்கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொள்ளப் பழகு. நகரத்துக்கு வெளியே பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் போகாதே. கங்காரு குறுக்கே வரும் நேரம் அது. தாழ்ந்த வண்டிக்கு அது மிகவும் கெட்டது.

மற்ற அசௌகரியங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதே. பின்பெட்டி 130 லிட்டர். விமானத்துக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி இரண்டு போகும், அதுவும் மெத்தென்ற பெட்டியாக இருந்தால். மாற்றுச் சக்கரம் கிடையாது, ஓட்டையை அடைக்கும் மருந்தும் காற்றடிக்கும் கருவியும்தான் கொடுத்திருப்பார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. ஆகவே ஆர்ஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலையோர உதவியில் சேர்ந்துகொள். விரைவுச்சாலையில் துணிக்கூரைக்குள் சத்தம் கேட்கும், தொலைபேசியில் என்னோடு பேசிக்கொண்டு வர முடியாது (அதுவும் நல்லதுதான்). வேகத்தடைகளையும் செங்குத்தான நுழைவழிகளையும் சாய்வாகக் கடக்க வேண்டும். கோடையில் 40 பாகைக்கு மேல் போகும் நாளில் கூரையைத் திறக்கலாம் என்று கனவிலும் நினைக்காதே. அதைத் திறக்கும் நேரம் சாயங்காலம், கடற்காற்று வந்த பிறகு. அந்தக் காற்றுக்கு ஃபிரீமாண்டில் டாக்டர் என்று பெயராமே. நாளெல்லாம் டாக்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியிலும் ஒரு டாக்டர்!

நீ எனக்கு இந்தக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். எதிர் புளோக்கில் ஒருவர் இதே வண்டியை வைத்திருக்கிறார், சாம்பல் நிறம். பலமாடி நிறுத்துமிடத்தில் நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, "உட்கார்ந்து பாருங்கள் ஆன்ட்டி" என்று கதவைத் திறந்துவிட்டார். உட்கார்வது என்பதைவிட இறங்குவது என்றே சொல்ல வேண்டும். சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு, முதலில் இடுப்பு, பிறகு ஒவ்வொரு காலாக. உள்ளே போனதும் எல்லாம் கைக்குள். கியர்க்கம்பி குட்டையாக, மணிக்கட்டை மட்டும் அசைத்தால் விழுகிறது. நம் லாரியில் தோளிலிருந்து இழுக்க வேண்டும். அவர் என்னை ஆறாவது மாடியிலிருந்து கீழே வரை ஒரு சுற்று ஓட்டவும் விட்டார். அந்தச் சுருள் பாதையில் பத்துக் கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஆனாலும் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்பியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லாரிக்காரிக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? வெளியே வருவதற்குத்தான் அவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், அப்பாவுக்குக் காரணம் சொல்லவில்லை.

வேகத்துக்காகச் செய்த வண்டி இல்லை அது. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போல எளிமையாக, எடை குறைவாக, மலிவாக ஒன்று செய்யுங்கள் என்று சொன்னாராம். பத்து ஆண்டு கழித்து 1989இல் சிகாகோ கண்காட்சியில் அது வந்தது. பழுதாகாத பிரிட்டிஷ் கார் என்று அப்போது கேலியாகப் பாராட்டியிருக்கிறார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டியைச் செய்துவிட்டார்கள். இத்தனை பேர் வாங்கியிருக்கும் வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காதோ என்ற கவலை வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு உரிமம்தான் எடுக்க வேண்டும், தானியங்கி வண்டிக்கான உரிமம் போதாது என்று நான் பிடிவாதம் பிடித்தபோது எவ்வளவு அழுதாய்! "இந்தக் காலத்தில் யார் அம்மா கிளட்ச் மிதிக்கிறார்கள்?" என்று கேட்டாய். நீ பார்த்திருப்பது கையால் கியர் போடும் வண்டி. அவ்வளவுதான் சொல்வேன்.

நாளைக்கே உனக்குத் தொலைவில் இருக்கும் கல்கூர்லியில் வேலை கிடைத்து, மண்சாலையில் நெடுந்தூரம் போக வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்னால் இரும்புத் தடுப்பு வைத்த யூட்டை வாங்கு, பணமும் தருகிறேன். ஒரு பிள்ளை பிறந்தால் அப்போதும் இந்தக் கார் உதவாது, அதைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை, நீயும் கோபப்படாதே.

வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை. இங்கே கார் மூன்று வயதானதும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதனை. பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும். நம் லாரிக்கு முதலிலிருந்தே ஆண்டுதோறும். நீ இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் சொந்தக் காருக்கு அப்படித் தவறாமல் நடக்கும் சோதனை இல்லை. அதனால் கண்ணை நீதான் திறந்துகொள்ள வேண்டும். இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால், கூரை மடியும் மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் இலைதழை அடைத்துத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள்; துருவும் பின்னாலேயே வரும். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பை அடியில் தடவிப் பார். கூரையை நீயே திறந்து மூடு, விற்கிறவரைச் செய்ய விடாதே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரிக் கார்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டுவார்கள். டயரின் பூ, அதாவது மேல்வரிப் பள்ளம், தேயாமல் இருக்கும், ரப்பர் கட்டையாகிப்போயிருக்கும். அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசு. குளிர்ந்த எஞ்சினை உன் முன்னால் கிளப்பச் சொல். நீ போகும்போதே சூடாக வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். வண்டியின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று அந்த நாட்டு அடமானப் பதிவேட்டில் பார்த்துவிடலாம், இரண்டு வெள்ளிதான் கட்டணம். இதைச் செய்யாமல் ஒரு காசும் கொடுக்காதே.

நாங்கள் ஜூனில் வருகிறோம். மூன்று பேர், இரண்டு இருக்கை என்று அப்பா இதையும் ஒரு வாதமாக எடுத்துவைத்தார். ஆண்டில் இரண்டு வாரம் வரும் எங்களுக்காக மீதி நாளெல்லாம் காலி இருக்கையைச் சுமக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு நீ வராதே, நாங்கள் அங்கேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். இரண்டு ஊரிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம், அப்பாவுக்குச் சிரமம் இல்லை. உன் காரில் முதலில் நான் வருவேன். அவர் பின்னால் வாடகைக் காரில் வரட்டும்.

வண்டி ஓடிய கிலோமீட்டர், பராமரிப்புப் புத்தகத்தின் படம், டயர் எண், மூன்றையும் அனுப்பு. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அப்பா இதையெல்லாம் படித்துவிட்டார். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினார், வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது வந்து, அந்தக் காரின் பின்னால் இழுவைக் கொக்கி பொருத்த முடியுமா என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறார். எதையும் இழுப்பதற்காகச் செய்த வண்டி இல்லை அது என்று சொன்னேன், நம்பவில்லை. நீயே பதில் எழுது.

அன்புடன்,
அம்மா